விலை பேசப்பட்ட ஆமென்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன். இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும் எழுதுவது இந்த வயதில் லேசான காரியம் இல்லை. காகிதம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. எங்கேயாவது நான் கூட்டிச் சொன்னதாக உங்களுக்குப் பட்டால் அது உங்கள் மூக்குக்கண்ணாடியின் கோளாறு. துடைத்துவிட்டு மறுபடி படியுங்கள்.

என் அத்தான், அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர், ஜன்னல்களுக்குக் கண்ணாடி வெட்டிப் பதிக்கிறவர். கடை முன்பக்கம், வீடு பின்பக்கம், நடுவில் ஒரு திரைச்சீலை. கடையில் மேசைமேல் கம்பளி விரித்து, அதில் கண்ணாடியைக் கிடத்தி, அளவுகோலை அழுத்திப் பிடித்து, வைர முனை வைத்த கட்டரால் ஒரே இழுப்பு இழுப்பார். இரண்டாம் தடவை அதே கோட்டில் போகக் கூடாது. போனால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். பிறகு அடியில் செல்லமாக ஒரு தட்டு. பிஸ்கட் மாதிரி இரண்டாகும்.

எனக்கு அங்கே மக்கு பிசைகிற வேலை. சட்டத்தில் கண்ணாடியை உட்கார வைத்து ஓரத்தில் பூசுவார்களே, வெள்ளைத் தூளும் எண்ணெயும் சேர்த்த களிம்பு, அதற்குப் பெயர் மக்கு. "மக்கு!" என்று அக்கா திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் களிம்பைக் கேட்கிறாளா, என்னைக் கூப்பிடுகிறாளா என்று தெரியாது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

அத்தானுக்கு ஆண்டவர் கொடுத்த குரல் ஒரு ஆளுக்குக் கொடுக்கிற அளவு இல்லை. ஒரு தெருவுக்குக் கொடுக்க வைத்திருந்ததைக் கைதவறி இவர் ஒருவருக்கே ஊற்றிவிட்டார். வாலிபத்தில் வேலை கற்றுக்கொண்ட கடையில், முதல் நாள், முதலாளியிடம் "இத எங்க வைக்கட்டும்?" என்று கேட்டிருக்கிறார். அடுக்கில் நின்ற கண்ணாடி அத்தனையும் விரிசல் விட்டது. வைக்க ஒன்றும் மிச்சம் இல்லாததால் அந்தக் கேள்விக்கு அவருக்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து வாரத்தில் ஆறு நாளும் கிசுகிசுப்புத்தான். வாடிக்கையாளரின் காதோரம் குனிந்து விலை சொல்வார். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் குறைத்துச் சொல்கிறார் என்று நினைத்து, பேரம் பேசாமல், யாருக்கும் சொல்லாமல் வாங்கிப்போனார்கள். இத்தனைக்கும் எல்லோருக்கும் ஒரே விலை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் குரலுக்கு விடுதலை. அதுவும் ஒரே சொல்லுக்கு.

ஆலயத்தில் கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்காருவார். போதகர் ஜெபத்தை முடிக்கும்போது அத்தான் "ஆமென்" என்பார். அது அடிவயிற்றில் புறப்பட்டு, பெஞ்சு வழியாக எல்லோருடைய முதுகெலும்பிலும் ஏறி, கூரையில் முட்டித் திரும்பி வரும். ஆலயத்து ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது. பலகைதான், அத்தானே தன் செலவில் மாற்றிக்கொடுத்தார். ஆமென் அதிர்ச்சியில் பெஞ்சுகளின் திருகாணிகள் கழன்றுவிடும் என்பதால் சபையிலிருந்த தச்சர் ஒருவர் சட்டைப் பையில் திருப்புளியோடு வருவார். சுத்தமாகக் காது கேளாத ஒரு பெரியம்மா தன் மருமகளிடம், "யாரோ ஆமென்னு சொன்ன மாதிரி இருக்குதே" என்பாள்.

ஆனால் அந்தச் சொல் எதற்கும் வந்துவிடாது. ஜெபத்தில் கேட்டது நியாயம் என்று மனதுக்குப் பட்டால்தான் சொல்வார். படாவிட்டால் வாய் திறக்காது. அவர் சொல்லாதவரை சபையில் யாரும் கண்ணைத் திறப்பதில்லை. எப்படி வந்த பழக்கம் என்று தெரியவில்லை. மற்றவர்களும் ஆமென் சொல்வார்கள்தான். அதெல்லாம் கணக்கில் சேராது. இது வெளியேயும் பரவி, ஆலயப் பக்கமே வராதவர்கள்கூட, வீடு வாங்கினாலும் பெண் கொடுத்தாலும், "ஆமென்காரர் என்ன சொன்னார்?" என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்கள்.

இப்படி இருக்கும்போது கடைச் சொந்தக்காரர் ஒருநாள் வந்தார். கடையையும் வீட்டையும் சேர்த்து விற்கப்போகிறேன், நீங்களே வாங்கினால் சந்தோஷம், இல்லையென்றால் காலிசெய்ய வேண்டும் என்றார். நல்ல மனிதர். வருத்தப்பட்டுக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வருத்தத்தை விலையில் கழித்துக்கொள்ளவில்லை.

அக்காவுக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு ஆசை உண்டு. அடுப்படிக்கு ஜன்னல். நகரத்துக்கே ஜன்னல் மாட்டுகிறவரின் அடுப்படி இருட்டு. சுவரை இடிக்கச் சொந்தக்காரர் விடவில்லை. ஜன்னல் வரவேண்டிய இடத்தில் அக்கா சுண்ணாம்புக் கட்டியால் ஒரு சதுரம் போட்டு வைத்திருந்தாள். சமைக்கும்போது அந்தச் சதுரத்தைப் பார்த்து, "இன்னிக்கு வெளிய மப்பா இருக்குது" என்பாள். பல நாள் சரியாகவே இருந்தது.

சொந்தக்காரர் போன இரண்டொரு நாளில் கோட்டுக்காரர் வந்தார். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் கறுப்புக் கோட்டு, கழுத்தில் டை. பணம் போட்டால் இரட்டிப்பாக்கித் தரும் கம்பெனி ஒன்றைப் புதிதாகத் திறக்கப்போகிறவர். வரும்போதே எங்களுக்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தார். நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று பிற்பாடு ஒரு பேச்சு கிளம்பியது. பிஸ்கட் தட்டு அந்தப் பக்கம் இருந்தது, எட்டவில்லை, சாய்ந்தேன். அவ்வளவுதான்.

"அண்ணே, உங்க குரலப் பத்தி எங்கெங்கயோ பேசுறாங்க" என்றார் கோட்டுக்காரர்.

அத்தான் அவர் காதோரம் குனிந்து, "என்ன அளவு வேணும்?" என்றார்.

"கண்ணாடி வேணாம்ணே. ஒரு வார்த்தை வேணும்."

அத்தான் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"நம்ம கம்பெனில போடுற பணம் ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கு. கேரண்டி."

"எப்படி?"

"அது ஒரு டெக்னிக்ணே. சொன்னாப் புரியாது."

"ஒரு கண்ணாடிய ரெண்டாக்க எனக்கும் தெரியும்" என்று கிசுகிசுத்தார் அத்தான். "எண்ணிப் பாத்தா ரெண்டு இருக்கும். அளந்து பாத்தா ரெண்டும் பாதி."

கோட்டுக்காரர் புரியாதவர்கள் சிரிக்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கினார்.

"திறப்பு விழாவ ஸ்தோத்திரக் கூட்டமா வைக்கிறோம். எல்லாம் ஆண்டவர் காரியம். நானே ஜெபம் பண்ணுவேன். முடிவுல நீங்க ஒரு ஆமென் சொல்றீங்க. மேடைல ஏற வேணாம், ஆள் பிடிச்சுத் தர வேணாம், கையெழுத்து வேணாம். மூணே எழுத்து."

"அதுக்கு?" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். வாயில் பிஸ்கட் இருந்ததால் எனக்கே சரியாக அடையாளம் தெரியவில்லை.

"இந்தக் கடை. பின்னாடி இருக்கிற வீடு. சொந்தக்காரர்கிட்ட பேசியாச்சு. பத்திரம் அண்ணன் பேர்லயே."

திரைச்சீலைக்குப் பின்னால் பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது.

நான் கணக்குப் போட்டேன். ஒரு எழுத்துக்குக் கடை, ஒரு எழுத்துக்குக் கூடம், ஒரு எழுத்துக்கு அடுப்படி. எழுத்தைக் காசாக்கினவர்களை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த விலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டதில்லை.

"நாளைக்குச் சொல்றேன்" என்றார் அத்தான்.

கோட்டுக்காரர் போன பிறகு அத்தான் டேப்பை எடுத்து, கடையின் முகப்பை அளந்தார். நான் ஒரு நுனியைப் பிடித்தேன். பழைய சட்டங்களைக் கழற்றிவிட்டு முழுசாக ஒரே கண்ணாடி போடலாம் என்று அவருக்கு வெகுநாள் ஆசை. சொந்தக் கடை என்றால் போடலாம். அளந்த இடத்தையே மறுபடி அளந்தார். அவர் கண்ணாடியில்கூட இரண்டாம் தடவை கோடு இழுக்கிறவர் இல்லை. எனக்கு அப்போதே புரிந்தது, மனிதர் ஆடிப்போயிருக்கிறார் என்று.

சாப்பிட உட்கார்ந்தோம். அத்தான் ஜெபித்தார், கிசுகிசுப்பில்தான். வழக்கமாகச் சோறு ஆறுவதற்குள் முடிப்பவர் அன்று முடிக்கவில்லை. ஆமென் என்ற இடத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அந்தச் சொல் அவர் வாயில் புதுச் செருப்பு மாதிரி கடித்தது.

"என்னங்க, பசிக்குது" என்றாள் அக்கா.

"என்னம்மா செய்யலாம்?"

"எனக்கு வீடு வேணும். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சதுரத்தப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்தே ஒரு பக்கமா நின்னு போச்சு." அவள் ரசத்தை ஊற்றினாள். "ஆனா ஒண்ணு கேக்குறேன். அந்த ஆமென வித்துட்டீங்கன்னா, ஞாயித்துக்கிழம ஆண்டவருக்கு எதச் சொல்வீங்க?"

"அதையேதான் சொல்வேன்."

"வித்த சாமான எப்படிங்க மறுபடி எடுத்துக் குடுக்கிறது?"

நான்தான் இடையில் புகுந்தேன். குடும்பத்தில் படித்தவன் நான். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பை நன்றாக, திரும்பத் திரும்பப் படித்தவன்.

"அத்தான், இதுக்கு இலக்கணத்துல வழி இருக்குது" என்றேன். "ஆ, மெ, ன். கடைசில நிக்கிறது மெய்யெழுத்து. அத மட்டும் விட்டுடுங்க. ஆமெ-ன்னு நிறுத்திடுங்க. கேக்குறவங்களுக்கு ஆமென்னு கேக்கும். கடை வந்துரும். ஆனா நீங்க அந்த வார்த்தையச் சொல்லல. ஆண்டவர் கேட்டா, நான் முழுசாச் சொல்லலியேன்னு சொல்லிக்கலாம்."

"மெய்ய விட்டுட்டா மிச்சம் என்னடா இருக்கும்?" என்றாள் அக்கா.

"உயிர் இருக்கும். ஆ உயிரெழுத்து."

"பொய் இருக்கும். சாப்பிடுடா மக்கு."

ஆனால் அத்தான் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கீறல் விழுந்து ஒதுக்கின கண்ணாடி ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. அவர் குரலுக்கு எந்தக் கண்ணாடியும் தப்பினதில்லை என்று சொன்னேனே. அதன் முன்னால் நின்று, சுற்றும் முற்றும் பார்த்து, மூச்சை இழுத்து, "ஆமெ" என்றார்.

பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் கீழே விழுந்தது. சத்தத்தில் குறையே இல்லை. ஆனால் கண்ணாடி அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அது பேசாமல் எங்கள் இருவருடைய முகத்தையும் காட்டிக்கொண்டு நின்றது. என் முகம் அவ்வளவு அசடு வழியும் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கண்ணாடிக்குத் தெரியுது பாருங்க" என்றாள். "ஆண்டவருக்குத் தெரியாதா?"

அத்தான் அந்தக் கண்ணாடியை எடுத்து உள்ளே வைத்தார். "சின்ன வயசுல கேட்டேன்" என்று என் காதோரம் சொன்னார். "இந்தக் குரல் எதுக்கு எனக்கு, ஒரு வேலைக்கும் ஆகலியேன்னு ஆலயத்துல அழுதுருக்கேன் மச்சான். அழுது முடிச்சு ஆமென்னு சொன்னப்போ, இதுக்குத்தான் போலன்னு தோணுச்சு. அன்னிக்கே அத அவருக்குக் குடுத்துட்டேன். என்கிட்ட சும்மா இருக்குது, அவ்வளவுதான்."

"அப்போ வேணாம்னு சொல்லிடலாமா?" என்றேன். எனக்கு பிஸ்கட் ஞாபகம் வந்தது.

"ஜெபத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டேன்னு எப்படிச் சொல்றது? வர்றேன். ஜெபத்தக் கேக்குறேன். ஆமென் வந்தா வரட்டும்."

மறுநாள் இதைத்தான் கோட்டுக்காரரிடம் சொன்னார். "ஜெபத்தக் கேட்டாத்தான் ஆமென் வருமான்னு தெரியும்." கோட்டுக்காரர் இதை விலை ஏற்றுகிற பேச்சு என்று எடுத்துக்கொண்டு, கடைக்கு முன்னால் இருந்த காலி இடத்தையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். போகிற வழியில் போதகரையும் பார்த்து, ஆலயத்துக் கூரைக்கு ஓடு வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தான் போதகரிடம் யோசனை கேட்கப் போனபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்கிட்ட கேக்காதீங்க. மழைக்கு என் தலைமேலயே ஒழுகுது. ஓடுன்னதும் என் மனசு எங்கயோ ஓடுது. இன்னிக்கு என் யோசனைய நானே கேக்குறதா இல்ல. உங்களுக்காக ஜெபம் மட்டும் பண்றேன்."

திறப்பு விழா பொது மண்டபத்தில், மதியம். சுற்றிலும் கண்ணாடி ஜன்னல், கண்ணாடிக் கதவு, கூரையில் தொங்குகிற கண்ணாடி விளக்குகள். ஜன்னல் அத்தனையும் அத்தான் மாட்டியவை. மக்கு நான் பிசைந்தது. மேடைக்குக் கீழே வரிசையாக மேசை போட்டு, பணம் வாங்க ஆட்கள் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நகரமே வந்திருந்தது. எல்லோர் மடியிலும் பை, டப்பா, முடிச்சு. எங்களுக்கு முன்வரிசையில் துணி தேய்க்கிற அம்மா ஒரு பவுடர் டப்பாவை வைத்துக்கொண்டிருந்தாள். பேத்தி படிப்புக்குச் சேர்த்த பணம் அதில். இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துப் பிடித்துக் கை காய்த்திருந்தது.

"ஆமென்காரரே வந்திருக்கார்" என்று அவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "அவர் சொன்னதும் போட்டுடலாம்."

கோட்டுக்காரர் இறங்கி வந்து, சிவப்பு நாடா கட்டின பத்திரத்தை அத்தான் மடியில் வைத்துவிட்டுப் போனார். மேடையேறினார். கண்ணை மூடச் சொன்னார். எல்லோரும் மூடினோம். நான் ஒரு கண்ணை மட்டும் மூடினேன்; ஜெபத்துக்கு ஒன்று போதும், மற்றதால் வீட்டு விவகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

"அன்புள்ள ஆண்டவரே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தார். குரல் தேனாக இருந்தது. "இங்கே வந்திருக்கிற உம்முடைய பிள்ளைகள் போடுகிற பணத்தை இரண்டு மடங்காகப் பெருகப்பண்ணும் ஆண்டவரே. ஆமென்."

எல்லோரும் அத்தானுக்காகக் காத்திருந்தார்கள்.

அத்தானுடைய கை பத்திரத்தைத் தடவிக்கொண்டிருந்தது, கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாரே, அப்படி. வாய் திறந்தது. "ஆ" வருவதற்கு முன்னாலான மூச்சுக்கே கூரை விளக்குகள் கிணுகிணுத்தன. அக்கா கண்ணைத் திறக்காமல், தன் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் அவரைத் தொடவில்லை. தொட்டிருந்தால் வேண்டும் என்று அர்த்தமா வேண்டாம் என்று அர்த்தமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அத்தான் கண்ணைத் திறந்து முன்வரிசையைப் பார்த்தார். பவுடர் டப்பாவைப் பார்த்தார். வாயை மூடினார். மடியில் இருந்த பத்திரத்தை எடுத்து, தூசி தட்டி, பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் வைத்தார். அடுத்தவர் பொருளைக் கீழே வைக்கிறவர் இல்லை அவர். பிறகு கையைக் குவித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

என் கணக்கில் இருந்த கடை, கூடம், அடுப்படி மூன்றும் இடிந்து விழுந்தன.

கோட்டுக்காரர் மறுபடி, "ஆமென்" என்றார். கொஞ்சம் பலமாக. ரசீது ஆட்களும் "ஆமென், ஆமென்" என்றார்கள். யாரும் கண்ணைத் திறக்கவில்லை. பணம் வாங்குகிற மேசைப் பக்கம் ஒரு கால் நகரவில்லை. ஜெபம் முடிந்தால்தானே நகர.

வேறு வழியில்லாமல் அவர் ஜெபத்தைத் தொடர்ந்தார்.

"ஆண்டவரே, இரண்டு மடங்கு என்று சொன்னது ஒரு பேச்சுக்கு. ஒன்றரை மடங்காவது பெருகப்பண்ணும். ஆமென்."

ஒன்றும் வரவில்லை.

"போட்ட பணமாவது பத்திரமாக இருக்கட்டும் ஆண்டவரே."

வரவில்லை.

ஜெபம் நீண்டுகொண்டே போனது. எவ்வளவு நேரம் என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. பால்காரர் கொண்டுவந்திருந்த பால் தயிராகியது. காலையில் மழித்துக்கொண்டு வந்தவர்கள் தாடையைச் சொறிந்தார்கள். தாய் மடியில் இருந்த ஒரு குழந்தைக்குச் சட்டை சிறியதாகிவிட்டது. கோட்டுக்காரர் டையைத் தளர்த்தினார். கோட்டைக் கழற்றினார். தண்ணீர் கேட்டார், கண்ணை மூடியிருக்கிறவன் எப்படித் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான்? அவர் கடவுளிடம் சொல்வதற்கு வைத்திருந்த பொய்யெல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்ந்தது. ஜெபத்தை நிறுத்தவும் முடியாது. சட்டியில் கடைசியில் இருப்பதைச் சுரண்டுகிற மாதிரி உள்ளே சுரண்டிப் பார்த்தார். அடியில் உண்மைதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆண்டவரே," என்றார். தேன் போய்விட்டது, சாதாரண மனுஷன் குரல். "டெக்னிக்னு ஒண்ணும் இல்ல. பின்னால போடுறவங்க பணத்த எடுத்து முன்னால போட்டவங்களுக்குக் குடுப்போம். கடைசியாப் போடுறவங்க வர்றப்போ நாங்க இருக்க மாட்டோம். டிக்கெட் எடுத்தாச்சு. நான் பயந்துக்கிட்டே தூங்குறேன், பயந்துக்கிட்டே எந்திரிக்கிறேன். என்ன மன்னிச்சிரும். இவங்கள வீட்டுக்குப் போகச் சொல்லும்."

"ஆமென்!" என்றார் அத்தான்.

முழுதாக, மெய்யோடு.

அந்த "ன்" இருக்கிறதே, அது மண்டபத்தை விட்டு வெளியே போய், தெருமுனையில் திரும்பி, இன்னொரு தடவை வந்தது. ஜன்னல்கள், கதவு, கூரை விளக்குகள், சபையோரின் மூக்குக்கண்ணாடிகள், கோட்டுக்காரரின் கைக்கடிகாரம், எல்லாம் ஒரே நேரத்தில் உடைந்தன. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அத்தான் வெட்டிய கண்ணாடி அல்லவா, விழும்போதும் நேர்கோட்டில், வெளிப்பக்கமாக, வரிசையாக விழுந்தது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். துணி தேய்க்கிற அம்மா டப்பாவின் மூடியை அழுத்திப் பார்த்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்ல ஜெபம்" என்றாள். "கொஞ்சம் நீளம்."

யாரும் கோட்டுக்காரரை அடிக்கவில்லை. ஜெபத்தில் கேட்டதை வைத்து வெளியே ஒருவரை அடிப்பது எங்கள் வழக்கம் இல்லை. அவர் மேடைப் படியில் உட்கார்ந்து முதன்முறையாகக் காற்று வாங்குகிறவர் மாதிரி காற்று வாங்கினார். அப்புறம் ரயிலேறிவிட்டார். எங்கேயோ ஒழுங்காகப் பிழைக்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் வேறு மாதிரி இருந்துவிடலாம்.

கடை போயிற்று. வாங்கியவர் அங்கே குடைக்கடை வைத்தார். நாங்கள் ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில், ஒற்றை அறைக்குக் குடிபோனோம். அத்தான் கண்ணாடிகளை முதுகில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வேலை பார்த்தார். மண்டபத்தின் ஜன்னல்களையெல்லாம் திரும்ப மாட்டிக்கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டவர்களின் காதோரம் குனிந்து, "உடைச்சவன் நான்தானே?" என்றார். மக்குக்கு மட்டுமாவது காசு வாங்கலாம் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மிச்சம் பிசைந்து வைத்திருந்ததையும் இலவசமாகக் கொடுத்துவிட்டேன்.

"உனக்குக் கோபமே வரலியாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வராம? ஒரு வாரம் அவருக்கு உப்பு கம்மியாப் போட்டேன்."

"அத்தான் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டார். சாப்பிடுறதுக்கு முன்னால ஜெபம் பண்ணினார் பாரு, அதுல ஆமென் தங்குதடையில்லாம வந்துச்சு. அப்புறம் நானும் உப்பப் போட்டுட்டேன்."

குடிபோன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் மழை ஒழுகியது. போதகர் குடை பிடித்துக்கொண்டு நின்று, வீடு இல்லாதவர்களுக்காகவும், இருந்ததை விட்டுவிட்டு வந்தவர்களுக்காகவும் ஜெபித்தார். அத்தான் ஆமென் சொன்னார். தச்சர் திருப்புளியை எடுத்தார். அந்தப் பெரிய ஆமெனுக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு மூச்சு பிந்தி, அக்காவின் சின்ன ஆமெனும் கேட்டது. என் காதுக்கு அதுதான் நன்றாகக் கேட்டது.

நெஞ்சில் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை, அக்கா கிடையாது.